பேனர் மடியில், காதுகள் லக்கேஜில்

ஜூலை 8, புதன்

தண்ணீர் மோட்டார் இன்றும் படுத்துவிட்டது. கையெல்லாம் ரோஸ் நிறப் பேஸ்ட். ஈரத்துணியில் துடைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இருந்தும் நோட்டின் ஓரம் முழுக்கக் கறை.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே வேலைதான். காது கேட்காத பிள்ளைகளின் காதுக்குள் பேஸ்ட் செலுத்தி அச்சு எடுப்பது. ஊரில் சம்பளத்துக்குச் செய்வதை இங்கே சும்மா செய்கிறேன். காது மெஷின்கள் நன்கொடையாக வந்து பள்ளிக்கூட அலமாரியில் தூங்குகின்றன. மெஷினைக் காதோடு பொருத்த ஒரு மோல்டு வேண்டும். செருப்பு மாதிரி சைஸ் பார்த்து வாங்குகிற சாமான் இல்லை அது, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக வார்க்க வேண்டும். வார்க்கிற வசதி இங்கே கிடையாது. அச்சுகளை நான் ஊருக்கு எடுத்துப்போய், நான் வேலை பார்க்கும் பட்டறையில் மோல்டு செய்து கொடுக்க வேண்டும்.

இன்று கடைசியாக வந்தவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். எட்டு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. ஆனால் கையும் கண்ணும் புருவமும் வைத்து அவள் பேசுகிற பேச்சுக்கு முன்னால் நானெல்லாம் ஊமை. முதலில் நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைக்க வேண்டும், பேஸ்ட் ஆழமாகப் போய்விடாமல் இருக்க. பஞ்சைப் பார்த்ததும் என் கையைத் தட்டிவிட்டாள். என் காதைக் காட்டினாள். முதலில் உனக்குப் போட்டுக்கொள் என்கிறாள்! போட்டுக்கொண்டேன். இறுகும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எடுத்துக் காட்டியதும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகாராணி மாதிரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரெண்டு காதும் ஒரே தடவையில் அருமையாக வந்தன.

அவளுடைய டீச்சர் வெளியே வந்து சொன்னார்: "இந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம்தான் கடைசி சான்ஸ். ஆகஸ்ட் மூணாந்தேதி பெரிய ஸ்கூல் திறக்குது. அன்னிக்குக் காதுல மெஷின் இருந்தாத்தான் எடுத்துப்பாங்க. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்."

நான் பன்னிரண்டாம் தேதி வீட்டில் இருப்பேன். இருபத்தெட்டாம் தேதி எங்கள் குழு மறுபடி இங்கே கிளம்பி வருகிறது. நடுவில் பதினைந்து நாள். தாராளம்.

ஜூலை 10, வெள்ளி

மூட்டை கட்டும் நாள். தலைவரைப் பற்றி எழுதக்கூடாது என்று வந்த அன்றே முடிவு செய்தேன். இன்று எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான், காது டாக்டர், அப்புறம் எங்களைக் கூட்டிவந்த அமைப்பின் தலைவர். என் மனசுக்குள் அவருக்குப் பெயர் பேனர். எங்கே போனாலும் கூடவே ஒரு பேனர், அதை நிறுத்த ஓர் இரும்பு ஸ்டாண்டு. பேனரில் அவர் முகம் பெரிதாக, யாரோ ஒரு பிள்ளை முகம் சின்னதாக, கீழே 'கேளாத செவிக்குக் கருணையின் குரல்'. பிள்ளையின் காதுக்குள் நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "மேடம், கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க, எழுத்து மறையுது" என்பார். பேஸ்ட் இறுகாத நேரத்தில் பிள்ளையைத் திருப்பி போட்டோ எடுத்து ரெண்டு அச்சு பாழ். கேட்டால், "சேவைக்கு வந்திருக்கோம், முகத்துல ஒரு சிரிப்பு வேணாமா?" சிரிப்பதற்குத் தனியாக ஓர் ஆளைக் கூட்டிவந்திருக்கலாமே.

போகட்டும். அச்சுகள் எல்லாம் பத்திரம். பிஸ்கட் வந்த தகரப் பெட்டியில் அட்டையை வெட்டி அறைகள் செய்திருக்கிறேன், ஒரு பிள்ளைக்கு ஓர் அறை. வலது காதுக்குச் சிவப்புப் பொட்டு, இடது காதுக்கு நீலம். அடுத்தவர் கையில் கொடுப்பதாக இல்லை.

ஜூலை 11, சனி

விமானத்தில் எழுதுகிறேன். அழுத்தி எழுதி ரெண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது.

முதலில் செக்யூரிட்டி. பெட்டி எக்ஸ்ரே மெஷினுக்குள் போனதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியின் முகம் மாறியது. அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? வரிசை வரிசையாக உருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நூல்.

"இது என்ன?"

"காது."

"என்னது?"

"பிள்ளைங்களோட காது, சார்."

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். மேலும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒரு நூலைப் பிடித்தார். பஞ்சு பிய்ந்தால் அச்சின் நுனி போய்விடும். "நூலை இழுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான், சுற்றி நின்ற மொத்தக் கூட்டமும் ஓரடி பின்னால் போனது. என் வாழ்க்கையிலேயே என் பேச்சை இத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டது இதுதான் முதல் தடவை. கடைசியில் டாக்டர் வந்து, தன் அடையாள அட்டையைக் காட்டி, தன் காதைக் காட்டி, எப்படியோ புரியவைத்தார். பேனர் அப்போது ஓரமாக நின்று தன் பேனர் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார், எங்களைத் தெரியாதவர் மாதிரி.

அதையும் பொறுத்துக்கொண்டேன். இனி எழுதப்போவதுதான் பொறுக்க முடியவில்லை.

விமானம் ஏறுகிற இடத்தில் நீண்ட வரிசை. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தேன், தாங்கவில்லை. "ரெண்டு நிமிஷம் இதைப் பாத்துக்கங்க சார்" என்று பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு பாத்ரூம் போனேன். திரும்பி வந்தால் பெட்டி இல்லை.

"இடமில்லையாம் மேடம், ஆளுக்கு ஒண்ணுதான் மேலே விடுவாங்களாம். ரெண்டுல ஒண்ணை லக்கேஜ்ல போடச் சொன்னாங்க. போட்டுட்டேன்."

"எதைப் போட்டீங்க?"

"டப்பாவைத்தான். அந்த ஸ்டாண்டையும் ஒரே பையில வெச்சுக் கட்டிக் குடுத்துட்டேன், ஒரே பீஸாப் போயிடும்."

"பேனர்?"

"அதை மடக்கினா மடிப்பு விழுந்துடும் மேடம்."

மடிப்பு விழுந்துவிடுமாம். முப்பத்தி எட்டுப் பிள்ளைகளின் காதுகள் இரும்பு ஸ்டாண்டோடு விமானத்தின் வயிற்றுக்குள். பேனர் இதோ எனக்கு ரெண்டு வரிசை முன்னால் அவர் மடியில் சொகுசாக உட்கார்ந்து வருகிறது. சீட்டு மட்டும் காலியாக இருந்திருந்தால் அதற்கு பெல்ட்டும் போட்டிருப்பார். நான் கத்தினேன். விமானப் பணிப்பெண் ஓடிவந்து, "ப்ளீஸ், அமைதியா உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அமைதியாக இல்லை.

யாரிடம் கோபம்? அவரிடம்தான். கொடுத்துவிட்டுப் போன என்னிடமும்தான். சனியன் பிடித்த சிறுநீர்ப்பை.

ஜூலை 12, ஞாயிறு

விமானம் மாற வேண்டிய ஊர். மழையால் தாமதம், அடுத்த விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. கவுண்டரில் வளைந்து வளைந்து வரிசை. பேனரும் டாக்டரும் முன்னால் நின்றார்கள், வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போகும் விமானத்தில் இருந்த கடைசி ரெண்டு சீட்டும் அவர்களுக்குக் கிடைத்தன. டாக்டர் தன் சீட்டை எனக்குத் தருவதாகச் சொன்னார், பாவம். பெயர் மாற்ற முடியாதாம். எனக்குச் செவ்வாய்க்கிழமை.

"சரி, நான் இருக்கேன். என் பை எங்க?"

கவுண்டர் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "உங்க பேர்ல ஒரு சூட்கேஸ்தான் இருக்கு. அது உங்களோட வரும்."

"கேட்ல ஒரு பை குடுத்தோமே?"

"அது அவர் போர்டிங் பாஸ்ல ஏத்தியிருக்கு. அவரோட போகும். அவரைப் பத்தின தகவலை உங்களுக்குச் சொல்ல முடியாது."

பிள்ளைகளின் காதுகள் அவர் பெயரில்! எடுத்தவள் நான், பொட்டு வைத்தவள் நான், சொந்தக்காரர் அவர். என் குரல் எங்கே போனதோ தெரியாது, அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. அவள், "நீங்க சத்தம் போட்டா நான் உதவி பண்ண முடியாது" என்றாள். சத்தம் போடாமல் இருந்தபோது மட்டும் என்ன உதவி செய்தாயம்மா?

பேனர் போகும்போது என் தோளில் தட்டினார். "கவலைப்படாதீங்க. நானே இறங்கி எடுத்து பத்திரமா வெச்சுருக்கேன். சேவைக்கு வந்த இடத்துல கோபமே கூடாது."

வீட்டுக்கு போன் செய்தேன். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சம்பளமே இல்லாத வேலைக்கு ஏம்மா இவ்வளவு டென்ஷன்?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 13, திங்கள்

இந்த ஊர் நாற்காலிகளுக்கு நடுநடுவே இரும்புக் கை. யாரும் படுத்துவிடக் கூடாதென்று யோசித்து யோசித்துச் செய்திருக்கிறான் ஒருத்தன். அவன் நன்றாகவே இருக்கட்டும், ஆனால் ஒரே ஒரு ராத்திரி இங்கே வந்து தூங்கட்டும்.

கால் வீங்கி செருப்புக்குள் போக மாட்டேனென்கிறது. சாப்பாட்டுக்குக் கொடுத்த கூப்பன் எந்தக் கடையில் செல்லுமோ அந்தக் கடை மூடியிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. அதன் அம்மா உஸ் உஸ் என்கிறாள். அழட்டுமே. எனக்கும் சேர்த்து அழட்டும்.

ஜூலை 14, செவ்வாய்

வீடு. மகள் கதவைத் திறந்ததும், "அம்மா, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள். குளித்தேன். பேனருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 15, புதன்

எடுத்தார்.

"என் சூட்கேஸ் வந்துச்சு மேடம், எடுத்துட்டு வந்துட்டேன். அந்தப் பை... ஐயோ, அது வரலியே. நானும் மறந்தே போயிட்டேன்."

மறந்தே போய்விட்டார். பேனர் பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று கேட்டேன். என் கிண்டல் புரியாமல், "ஆமா மேடம், ஒரு மடிப்புகூட இல்ல" என்றார்!

விமான நிலையத்துக்கே போனேன். தொலைந்த பைகளுக்கென்று ஒரு ஜன்னல். உள்ளே இருந்தவர் நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் ஒரே பாட்டைத்தான் பாடியது. டேக் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்ட கடிதமும் அந்த டேக்கின் துண்டும் இல்லாமல் தேடக்கூட ஆரம்பிக்க மாட்டார்களாம். பேனரிடம் சொன்னால், "வெளியூர்ல இருக்கேன், பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு நடக்குது. சனிக்கிழமை விழா முடியட்டும், திங்கக்கிழமை உக்காந்து போட்டுக் குடுக்கிறேன்."

திங்கட்கிழமை உட்கார்ந்து. நின்றுகொண்டு போட்டால் பேனா எழுதாதா?

ஜூலை 16, வியாழன்

கனவில் பேஸ்ட் இறுகவே மாட்டேனென்கிறது. வாயாடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறாள்.

ஜூலை 18, சனி

செய்துவிட்டேன். வருத்தம் ஒரு துளியும் இல்லை.

விழா நடந்த ஊருக்கு பஸ் பிடித்துப் போனேன். பெரிய மண்டபம், ஏசி, மேடையில் பூச்செடிகள். மேடையின் பின்னால், வேறென்ன, அதே பேனர். ஒரு மடிப்பு இல்லை, உண்மைதான். பேனருக்கு முன்னால் பேனர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக ஏறி அவருக்குப் பூங்கொத்து கொடுத்து இறங்கினார்கள். நான் நேராக மேடைப் படியேறினேன். கையில் நானே எழுதிக் கொண்டுபோன கடிதம். மைக் பிடித்திருந்த பெண் என்னைப் பார்த்து, "இதோ, அவருடன் அந்நிய மண்ணில் தோளோடு தோள் நின்று சேவையாற்றிய சகோதரி!" என்று முழங்கி, ஒரு பூங்கொத்தை என் கையில் திணித்துவிட்டாள். கைதட்டல் வேறு.

பூங்கொத்தை அவர் மடியில் வைத்தேன். அதன்மேல் கடிதத்தை வைத்தேன். பேனாவைத் திறந்து நீட்டினேன்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

"மேடம், இப்பவா? எல்லாரும் பாக்குறாங்க..."

"அதுக்குத்தான் இப்ப வந்தேன். மைக் பக்கத்துலதான் இருக்கு, நானும் ரெண்டு வார்த்தை பேசட்டுமா?"

போட்டார். சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து டேக்கின் துண்டையும் கொடுத்தார். இத்தனை நாளும் அது அவர் பர்ஸில்தான் தூங்கியிருக்கிறது. கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு சேவை மனப்பான்மையே இல்ல மேடம்" என்றார்.

இல்லைதான். எனக்கு வேலை மனப்பான்மை.

ஜூலை 19, ஞாயிறு

காலையிலேயே கடிதத்தை விமான நிலைய ஜன்னலில் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் போனை நீட்டினார். விழாப் படம் எல்லோருக்கும் போயிருக்கிறது: நான் பேனருக்குப் பூங்கொத்து வழங்கும் காட்சி. கடிதம் பூவுக்குள் மறைந்துவிட்டது. என் பல் தெரிகிறது. கோபத்தில் தெரிந்த பல்லைச் சிரிப்பு என்று நினைத்து அறுபது பேர் வாழ்த்து சொல்லியிருக்கிறார்கள்.

"மேடையிலயே போயா கேப்ப? வெளிய நின்னு கேட்டிருக்கலாம்ல? உனக்கு எப்பவும் மூக்குக்கு மேல கோபம்" என்றார் அவர்.

"வெளிய நின்னுதான் நாலு நாளாக் கேட்டேன்."

"அந்தப் பிள்ளைங்க யாரு, நாம யாரு? முடிஞ்சதைச் செஞ்சே. இதுக்கு மேல என்ன?"

இதுக்கு மேல என்னவா? நான் பாதிதான் செஞ்சிருக்கேன். அச்சு எடுத்துட்டு மோல்டு குடுக்கலேன்னா அந்தப் பிள்ளைகிட்ட நான் என்ன செஞ்சேன்? காதுல பஞ்சை வெச்சுக் கூச்சம் காட்டிட்டு வந்தேன், அவ்வளவுதானே! சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். மகள் டிவி சத்தத்தைக் கூட்டினாள். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

ஜூலை 22, புதன்

வந்துவிட்டது!

வழியில் ஏதோ ஓர் ஊரில், யாரும் எடுக்காமல், இரும்பு ஸ்டாண்டைப் பார்த்து யாரோ வெல்டிங் கம்பிக் கட்டுகளோடு சேர்த்துவிட, ஒரு மூலையில் கிடந்ததாம். ஜன்னல்காரர் தானே வண்டியில் போட்டு பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த மனுஷனை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்.

பையைப் பிரித்ததும் கோபம் மறுபடியும் தலைக்கு ஏறிவிட்டது. தகரப் பெட்டியின் மூடியில் பள்ளம். ஸ்டாண்டின் கால் ஒன்று மூடியைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறது. அட்டை அறைகள் சரிந்து, அச்சுகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கலந்தது பரவாயில்லை. மற்றவர்களுக்கு முகம் எப்படியோ, எனக்குக் காது அப்படி. சிவப்பு, நீலம் பார்த்து ஜோடி சேர்த்துவிட்டேன். எல்லாம் நன்றாகவே இருந்தன, ஒன்றைத் தவிர.

நீலப் பொட்டு. காதுக்குள்ளே போகிற நுனி சுத்தமாக அறுந்துபோயிருக்கிறது. ஸ்டாண்டின் கால் இறங்கிய அறை அது. மூலை முடுக்கெல்லாம் தேடினேன், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், நுனி இல்லை.

வாயாடியின் இடது காது.

அத்தனை பிள்ளைகளில் அவளுடையதுதானா போக வேண்டும்? அவள் மட்டும்தான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். பட்டறையில் உட்கார்ந்து அழுதேன். சோகமெல்லாம் ஒன்றுமில்லை, ஆத்திரம்.

ஜூலை 24, வெள்ளி

ரெண்டு நாளாகத் தலை நிமிரவில்லை. அச்சைச் சீவி, மெழுகில் முக்கி, அதைச் சுற்றி பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு அந்தக் குழியில் மோல்டு வார்த்து, துளை போட்டு, மெருகேற்றி... ரெண்டு விரல் கொப்பளித்துவிட்டது. பாதிக்கு மேல் முடிந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "அந்த ஒண்ணுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கறே? வலதைப் பாத்து அப்படியே இடதுக்குத் திருப்பி வார்த்துடு."

"ஒருத்தருக்கே ரெண்டு காதும் ஒரே மாதிரி இருக்காது சார். உங்களுக்கே தெரியும்."

"ஏறக்குறைய இருக்கும்ல?"

ஏறக்குறைய இருந்தால் காது புண்ணாகும். இடுக்கில் சத்தம் கசிந்து மெஷின் கீ என்று விசிலடித்துக்கொண்டே இருக்கும். வலிக்கிறது என்று சொல்ல அவளுக்குப் பேச்சும் இல்லை. சொன்னாலும் 'பழகிடும்' என்பார்கள். மாட்டேன். ஒரு காதுதான் என்றால் ஒரு காது. ஆனால் அந்த ஒரு காது சரியாக இருக்கும்.

டீச்சருக்கு போன் செய்து கேட்டேன், ஒரு காதில் மெஷின் இருந்தால் சேர்ப்பார்களா என்று. "கேட்டுப் பாக்குறேன்" என்றார். எனக்கு இன்று பிடிக்காத சொல் அதுதான்.

ஜூலை 27, திங்கள்

நாளை அவர்கள் கிளம்புகிறார்கள். எனக்கு லீவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. மோல்டுகளைப் புதுப் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி டாக்டர் கையில் கொடுத்தேன். பேனரும் வந்திருந்தார். புதுப் பேனர், முன்னதைவிடப் பெரிசு.

டாக்டரிடம், பேனரின் காதுபடவே சொன்னேன்: "இது உங்க மடியை விட்டு இறங்கக் கூடாது. மறுபடியும் ரெண்டுல ஒண்ணுன்னு கேட்டா, பேனரைத் தூக்கிப் போடுங்க."

"எந்த பேனர்?" என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"உங்க இஷ்டம்."

ஆகஸ்ட் 3, திங்கள்

பள்ளிக்கூடம் இன்று திறந்திருக்கும். யாரும் போன் செய்யவில்லை. குழம்பில் உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன். யாரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்கள், பயம்.

ஆகஸ்ட் 5, புதன்

பேனரிடமிருந்து ஒரு வீடியோ. கீழே எழுதியிருந்தார்: 'பசங்க எல்லாருக்கும் பொருத்தியாச்சு. இந்தப் பொண்ணோடது மட்டும் வேஸ்ட் ஆயிடுச்சு மேடம். முதல் சத்தம் கேட்டு சிரிக்கிற மாதிரி எடுக்கலாம்னு பாத்தேன். பயங்கர கோபக்காரி. எங்கேயும் போட முடியாது. பார்த்துட்டு டெலிட் பண்ணிடுங்க.'

புது வகுப்பறை, பெரிய ஸ்கூல் திறந்த அன்றே எடுத்திருக்கிறார். புதுப் பேனர். அதற்கு முன்னால் வாயாடி. டாக்டர் வலது காதில் மோல்டை வைத்துத் திருகி உட்காரவைக்கிறார். நான் முதலில் காதால்தான் பார்த்தேன். விசில் இல்லை. ஒரு சின்னக் கீச்சுக்கூட இல்லை. மெஷினைப் போட்டார்கள்.

அவள் முகம் சுருங்கியது. பாவம், உலகத்துச் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? எரிச்சல்தான் வரும். மோல்டைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. அவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, என் செல்லம். "சிரி, சிரி, இங்க பாரு" என்று பேனர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். ஓங்கி ஒன்று வைத்தாள். போன் பறந்தது. படம் ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் விழுந்து சாய்ந்து நின்றது. ஓரத்தில் அவள் கோபத்தோடு கதவைப் பார்த்து நடந்துபோகிறாள், முதுகு தெரிகிறது.

பேனர் கத்துகிறார்: "ஐயோ, என் போனு!"

அவள் நின்றாள். திரும்பினாள்.

யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் கையசைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு மனுஷன் கத்தினான், அவள் திரும்பினாள். திரும்பி, ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி அவரைக் கிழிகிழி என்று கிழித்தாள். அங்கே வீடியோ முடிந்துவிட்டது.

எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியவில்லை. டீச்சருக்கு போன் செய்தேன். "சேத்துக்கிட்டாங்க. ஆனா இன்னொரு காதுக்கும் சீக்கிரம் வேணும்னு சொல்லியிருக்காங்க. கிளாஸ்ல எல்லார்மேலயும் எரிஞ்சு விழுறா." எரிந்து விழட்டும். எட்டு வருஷத்துக் கோபம் பாக்கி இருக்கிறது அவளுக்கு.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு போனைக் கொடுத்தேன். பார்த்தார். "அந்தப் பொண்ணு அவரை நல்லாத் திட்டுது" என்றார்.

"அதுக்கு முன்னாடி?"

மறுபடியும் பார்த்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"திரும்புது" என்றார். "அந்தாள் கத்தினதும் திரும்புதும்மா."

ஆகஸ்ட் 16, ஞாயிறு

லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று, போக வர நானே தனியாக. வேலை ஒரே ஒரு காது. திரும்பும்போது அந்த ஊரில் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதே இரும்புக் கை நாற்காலிகள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் வீட்டுக்காரர் தன் பழைய ஆபீஸ் பையின் வாரை அறுத்து, அந்தத் தகரப் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டு குத்திய பள்ளத்தைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கியிருந்தார். என்னை எழுந்து நிற்கச் சொல்லி, வாரை என் கழுத்தில் போட்டு, நீளம் சரியா என்று இழுத்துப் பார்த்தார்.

"பாத்ரூம் போனாலும் கழட்டாதே" என்றார்.